கண்ணாடியைக் கழட்டுற ரீச்சர்

கடிதத்தோட ஆர் கிட்டப் போனாலும் அவ முதல் வேலையாக் கண்ணாடியைக் கழட்டிப்போடுவா. கழட்டின கண்ணாடி கறுப்பு நூலில நெஞ்சுக்கு நேர தொங்கும். "கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒண்டும் விளங்காது. நீரே வாசியும்" எண்டுவா. அட, கண்ணாடி அங்கைதானே தொங்குது! எடுத்துப் போட்டால் முடிஞ்சுது. போடமாட்டா. கேக்கப் போனவைக்கு விசர் பிடிக்கும்.

ஒருநாள் நண்டு விக்கிற மனிசி காணிக் கந்தோரிலயிருந்து வந்த கடிதத்தைக் கொண்டுவந்து அவவின்ரை மூக்குக்கு முன்னால நீட்டினா. ரீச்சர் கண்ணாடியைக் கழட்டினா. "உமக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இருக்கோ, இல்லாட்டி உது கண்ணாடி தொங்கவிடுற ஆணியோ?" எண்டு நண்டுக்காரி கத்தினா பாருங்கோ, கரை முழுக்கக் கேட்டது. ரீச்சர் சிரிச்சா. கடிதத்தை வாங்கி முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிப் பாத்து, "நல்ல தாள்" எண்டு சொல்லித் திருப்பிக் குடுத்தா. "ரெண்டு மணிக்கு வகுப்புக்கு வாரும்."

எங்கடை கரையில அவவுக்குக் "கண்ணாடியைக் கழட்டுற ரீச்சர்" எண்டுதான் பேர். சொந்தப் பேரை நான் இஞ்சை எழுதேல்லை. எழுதினால் என்னைப் பேசுவா, ஏசித் தள்ளுவா.

தொண்ணூறில இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு எழுப்பேக்கை அவவும் போனவ. அப்ப இருபது வயசுப் பெட்டை. படிப்பிக்கத் தொடங்கி ரெண்டு மாசமாம். புத்தளத்தில முகாமில இருந்த காலம் முழுக்க ஓலைக் கொட்டிலுக்குள்ள இருந்து, வளந்த ஆக்களுக்கு எழுத்துப் படிப்பிச்சிருக்கிறா. சண்டை முடிஞ்சு திரும்பி வந்தவையோட அவவும் வந்தா. வந்தவ தங்கடை ஆக்களோட மட்டும் நிக்கேல்லை. எங்களிட்டை, வேதக்கார மீன்பிடிச் சனத்திட்டை வந்தா. அவையள் போன அண்டைக்கு நானும் ரோட்டுக் கரையில நிண்டு பாத்தனான். பாத்துக்கொண்டு நிண்டதுதான், வேற ஒண்டும் செய்யேல்லை. அதைப் பற்றி அவ ஒருநாளும் என்னட்டைக் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன்.

கரையில பாவிக்காமல் கிடந்த ஒரு பழைய ஐஸ் கொட்டில்தான் வகுப்பு. காலமைச் சந்தை முடிஞ்சு, வீட்டில சமையலும் முடிஞ்சு, ரெண்டு மணிக்குப் பெண்டுகள் வருவினம். சிலேற்று இல்லை. மீன் போடுற வெள்ளை ரெஜிபோம் பெட்டியின்ரை மூடியில கரித்துண்டால எழுதுறது. சோனகப் பெண் எங்கடை பெண்டுகளுக்கு என்னத்தைப் படிப்பிக்கப்போறா எண்டு ரெண்டு பேர் பங்குச் சுவாமியிட்டை முறைப்பாடு கொண்டு போச்சினம். சுவாமி வந்து பாத்தார். ரீச்சர் அப்ப கரையில இழுத்து வைச்சிருந்த வள்ளத்தின்ரை முகப்பில எழுதியிருந்த பேரைக் காட்டி, "அ எண்டால் அந்தோனியார்" எண்டு சொல்லிக் குடுத்துக்கொண்டு நிண்டா. சுவாமி நிண்டு கேட்டுப்போட்டுத் திரும்பிப் போனார். அடுத்த நாள் ஒரு பெட்டி சோக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தில எழுத வாசிக்கத் தெரியாத மனிசரும் இருக்கினமோ எண்டு கேப்பியள். இருந்தனாங்கள். என்ரை அம்மா செத்தபோது எனக்கு எட்டு வயசு. அண்ணை பள்ளிக்கூடம் போனார். நான் தங்கச்சியை இடுப்பில வைச்சுக்கொண்டு கடகத்தோட மீன் விக்கப் போனன். பிறகு கலியாணம் கட்டி மூண்டாம் வருசம் மனிசன் கடலோட போட்டார், பிள்ளையும் இல்லை. சந்தையில வாய்காரி எண்டு பேர் எடுத்தன். ஆனால் எனக்கு எழுத்துத் தெரியாது எண்டது அண்ணைக்கும் தங்கச்சிக்கும் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது. ஏனெண்டால் எனக்கு ஒரு பொல்லாத ஞாபகசக்தி. ஊரில ஆர் செத்தாலும் முன்னுக்கு இருந்து செபம் சொல்லுறது நான்தான். எனக்கு முந்திச் செபம் சொல்லிவந்த மனிசிக்குப் பக்கத்தில வருசக்கணக்கா இருந்து, சொல்லையும் பாடமாக்கினன், எந்த இடத்தில தாள் திருப்பவேணும் எண்டதையும் பாடமாக்கினன். செபப் புத்தகத்தை மடியில விரிச்சு வைச்சுக்கொண்டு நான் தாள் திருப்புற வடிவைப் பாத்தால், ஆரும் படிச்ச மனிசி எண்டுதான் நினைப்பினம்.

அப்பிடி ஒரு செத்தவீட்டிலதான் பிடிபட்டன். மத்தியானம். செத்தவரின்ரை மகள் ரீச்சரிட்டைப் படிக்கிறவ, அதாலை ரீச்சரும் துக்கம் விசாரிக்க வந்து என்ரை பக்கத்துக் கதிரையில இருந்தா. நான் செபம் சொல்லி முடிச்சு, சனம் தேத்தண்ணிக்கு எழும்பேக்கை, அவ மெல்லமாக் குனிஞ்சா.

"மெழுகுதிரி ஒழுகி ரெண்டு தாள் ஒட்டிப்போய்க் கிடக்கு. நீர் ஒரே தாளாத்தான் திருப்பினீர். எண்டாலும் நடுவில கிடந்த ரெண்டு பக்கத்தையும் ஒரு சொல்லும் விடாமல் சொன்னீர்."

"ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர்."

"வகுப்பு மூண்டரைக்கு முடியும். எல்லாரும் போனாப் பிறகு வாரும்" எண்டா. அவ்வளவுதான். ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. நான் ஐஸ் கொட்டிலுக்குப் போய் வாறதைக் கண்டு கேட்டவைக்கு, "ரீச்சருக்கு உதவி செய்யப் போறனான்" எண்டு சொன்னன். பாருங்கோ என்ரை துணிவை.

உண்மையைச் சொன்னால், நான் போனது எழுத்துக்காக இல்லை. என்னட்டை ஒரு கடிதம் கிடந்தது.

என்ரை தங்கச்சி, நான் இடுப்பில வைச்சு வளத்தவள், அண்ணை பேசி முடிச்ச மாப்பிள்ளையை விட்டிட்டு எங்கடை தெருவில வீடு கட்ட வந்த ஒரு மேசனோட போட்டாள். எந்த ஊருக்குப் போனாள் எண்டுகூடத் தெரியாது. ஒரு வருசம் கழிச்சு அவளிட்டையிருந்து கடிதம் வந்தது. அண்ணைதான் பிரிச்சு வாசிச்சார். "சுகமா இருக்கிறன். என்னைத் தேடி ஒருத்தரும் வரவேண்டாம்." அவ்வளவுதான் எண்டு மடிச்சு என்ரை கையில தந்தார். உறையைக் கசக்கி எறிஞ்சுபோட்டார்.

ஒரு மீனுக்குச் செதில் உரிக்கிற நேரம்கூட எடுக்கேல்லை அவர் வாசிச்சு முடிக்க. கடிதமோ ரெண்டு பக்கம், இடம் விடாமல் எழுதிக் கிடக்கு. எழுத்துத் தெரியாட்டி நீளமும் தெரியாதோ? ஒவ்வொரு செபமும் எத்தினை தாள் எண்டு அளந்து வைச்சிருக்கிறவள் நான். அண்ணை எதையோ விழுங்கிப்போட்டார் எண்டு அண்டைக்கே தெரியும். ஆனால் வேற ஆரிட்டைக் குடுக்கிறது? குடுத்தால் எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டது ஊருக்குத் தெரிஞ்சுபோகும். வெக்கத்தில பத்து வருசம் அதை றங்குப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டினன். நடுவில திரும்பவும் சண்டை வந்தது, ஓடினம், பெட்டியையும் கட்டிக்கொண்டு ஓடினன். அவள் உசிரோட இருக்கிறாளோ, எனக்கு என்ன எழுதினாள், ஏன் பிறகு ஒரு சொல்லும் இல்லை? சோறு தின்னேக்கையும் அதுதான், வழியால போகேக்கையும் அதுதான்.

எங்கடை வீட்டுக்கு வெளியில என்ரை களவு தெரிஞ்ச ஒரே மனிசி ரீச்சர். அவவிட்டைக் குடுத்தால் வெக்கம் இல்லை. முதல் நாளே கடிதத்தை நீட்டினன். "தங்கச்சியின்ரை கடிதம் ரீச்சர். கால் எண்டாலும் பிடிக்கிறன். வாசிச்சுச் சொல்லுங்கோ."

கண்ணாடியைக் கழட்டினா.

வந்த கோவத்துக்கு அவவைக் கடலில தூக்கிப் போடலாம்போல கிடந்தது. அழுதன், பேசினன், மனிசரோ நீங்கள் எண்டும் கேட்டுப்போட்டன். அவ எல்லாத்தையும் கேட்டுப்போட்டுக் கடிதத்தை வாங்கினா. "மடிப்பில கிழியப்போகுது. விட்டால் நாலு துண்டாப் போடும். இரும், ஒட்டித் தாறன்" எண்டா. சாப்பாட்டுப் பெட்டியில மிச்சம் கிடந்த சோத்துப் பருக்கையை மசிச்சு, மெல்லிய ரிசுத் தாளை நூல் கணக்கில வெட்டி, மடிப்பு மடிப்பா ஒட்டினா. ஒரு பக்கம் காயவிட்டு மற்றப் பக்கம். கண்ணாடி நெஞ்சில தொங்குது, மூக்கு கடிதத்தில முட்டுது. முக்கால் மணித்தியாலம். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தன்.

"இனிக் கிழியாது. நீரே வாசிக்குமட்டும் தாங்கும்" எண்டு தந்தா.

அடுத்த நாளும் போனன். போகாமல் என்ன செய்யிறது?

படிப்பிக்கிறதில அவவுக்கு ஒரு விசர்க்குணம் இருந்தது. எழுத்துகள் பிடிபட்டாப் பிறகு எல்லாருக்கும் ஒரே சொல்லுக் குடுக்கமாட்டா. ஆளுக்கு ஆள் வேற. மற்றவை எழுதிப்போட்டுப் போன மூடிகள் சுவரோட சாத்திக் கிடக்கும், நான் பாப்பன். ஒருத்திக்குச் சூடை, பாரை, திருக்கை. நண்டுக்காரிக்குக் காணி, எல்லை, உறுதி, சாட்சி. எனக்கு? ஆஸ்பத்திரி. தனிய. வேப்பமரம். துணை. படலை.

"எனக்கும் மீன் பேர் தந்தால் என்ன ரீச்சர்? நாள் முழுக்கக் கத்துற பேர்தானே. ஆஸ்பத்திரியும் மண்ணாங்கட்டியும் எனக்கு என்னத்துக்கு?"

"மீன் பேர் தந்தால் நீர் எழுத்தைப் பாக்காமலே சொல்லிப்போடுவீர். உம்மடை ஞாபகசக்திதான் உமக்கு எதிரி" எண்டா.

அது சரியான கதைதான் எண்டு எனக்கு ஒருநாள் வடிவா விளங்கினது. புத்தூரில ஒரு பென்சன் எடுத்த ரீச்சர் பழைய சிலேற்றுகள் தாறன் எண்டு சொல்லியிருந்தா. வாங்கிவர ரெண்டு பேரும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போனம். மூண்டாவதா நிக்கிறதுதான் புத்தூர் பஸ் எண்டு எனக்குப் பல வருசப் பழக்கம். நேரை போய் ஏறினன். ரீச்சரும் ஒண்டும் சொல்லாமல் பின்னால ஏறி, தானே போய் ரெண்டு ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்து, யன்னல் பக்கம் இருந்து, கடலைச் சுருளைப் பிரிச்சா. பஸ் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போகத்தான் எனக்கு ஐமிச்சம். வயலும் பனையும் வருது, ஆனால் புத்தூர்ப் பக்கத்து வயல் இல்லை. வெக்கத்தில ஆரையும் கேக்கேல்லை. கடைசியா பஸ் நிண்டது.

"இறங்குவம். எந்த இடம் எண்டு கடைப் போர்டைப் பாரும்" எண்டா.

எழுத்துக் கூட்டினன். வட்டுக்கோட்டை.

"ஏறேக்கையே உங்களுக்குத் தெரியுமோ?"

"பஸ்ஸின்ரை நெத்தியில எழுதிக் கிடந்ததே."

"அப்ப சொல்லியிருக்கலாமே! நாசமாப் போன மனிசி!" எண்டு நடு ரோட்டில கத்திப்போட்டன். அவ எனக்குக் கடலையை நீட்டினா.

திரும்பி வாற பஸ்ஸிலதான் சொன்னா. முகாமில முந்தி எல்லாற்றை கடிதத்தையும் அவதான் வாசிச்சுக் குடுக்கிறவவாம். ஒருநாள் ஒரு உம்மாவுக்குக் கொழும்பிலயிருந்து கடிதம். மகன் மௌத்து, செத்துப்போனான் எண்டு எழுதியிருந்ததாம். அந்த உம்மாவின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு அதை வாசிக்க இவவுக்கு வாய் வரேல்லை. மகன் சுகமாம் எண்டு வாசிச்சுப்போட்டா. நாலு மாசம் கழிச்சு அந்த உம்மா மகனுக்கெண்டு தைச்ச பெருநாள் சட்டையைக் கொண்டுவந்து, அளவு சரியோ எண்டு இவவிட்டைக் காட்டினாவாம்.

"அண்டையோட விட்டன். கெட்டவை பொய் வாசிச்சால் கண்டுபிடிக்கலாம். பாசத்தில பொய் வாசிக்கிறவையை என்ன செய்யிறது?" எண்டு சொல்லி யன்னலால வெளியில பாத்தா. நான் அதுக்குப் பிறகு கடிதத்தை வாசிச்சுத் தாங்கோ எண்டு கேக்கேல்லை.

எட்டு மாசம் போச்சு. கடைசியா ரெண்டு கிழமை ஒரே ஒரு சொல்லைத்தான் திருப்பித் திருப்பி எழுதுவிச்சா. கோவம். பிறகு ஒருநாள், "நாளைக்குக் கடிதத்தைக் கொண்டு வாரும்" எண்டா. கொண்டு போனன். அவ வெளியில போய் வள்ளத்துக்குப் பக்கத்தில கடலைப் பாத்துக்கொண்டு நிண்டா. நான் கொட்டிலுக்குள்ள தனிய இருந்து விரிச்சன்.

"அக்கா, அண்ணை இதை விட்டு விட்டு வாசிப்பார் எண்டு எனக்குத் தெரியும். அதாலை ரெண்டு பக்கத்திலயும் எழுதுறன், ஒண்டு எண்டாலும் உன்ரை காதில விழும். தை மாதம் எனக்குப் பிள்ளை பிறக்கும். ஆஸ்பத்திரியில துணைக்கு வாற பொம்பிளை ஆர் எண்டு கேக்கினம். நான் தனிய. பயமாயிருக்கு. உனக்கு என்னிலை கோவம் எண்டால் வந்து பேசிப்போட்டு எண்டாலும் போ. மன்னாரில இறங்கிக் கோயிலடி எண்டு கேள். வேப்பமரத்துக்குப் பக்கத்துப் படலை. அக்கா, வா."

திருப்பினன். மற்றப் பக்கத்திலயும் அதேதான், வேற வேற சொல்லில. கடைசியில திரும்பவும் அக்கா, வா.

ஒரு சொல்லிலயும் தடக்குப்படேல்லை. ஒரு பக்கத்தில பெருமை, ஒரு பக்கத்தில நெஞ்சு வெடிக்குது. பத்துத் தை மாதம் போட்டுது! குழறி அழுதுகொண்டு வெளியில வந்தன். ரீச்சர் திரும்பிப் பாத்து, கண்ணாடியை எடுத்துப் போட்டா. "மன்னார் பஸ் காலமை ஆறு மணிக்கு வெளிக்கிடும். நெத்தியைப் பாத்து ஏறும்" எண்டா.

பின்னேரம் அண்ணையிட்டைப் போனன். கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடிதத்தை முன்னால விரிச்சு, அவர் விட்ட இடத்திலயிருந்து சத்தமா வாசிச்சன். அவர் தலை நிமித்தேல்லை. "அப்ப எனக்கு அவளிலை கோவம்" எண்டார். வலையை மடியில விட்டிட்டு, "பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். பிறகு சொல்ல வெக்கமாப் போச்சு" எண்டார். வெக்கத்தைப் பற்றி நான் அவருக்கு என்ன சொல்ல? எழும்பி வந்திட்டன்.

அடுத்த நாள் மன்னாரில கோயிலடியில இறங்கினன். வேப்பமரம் நிண்டது. படலையைத் திறந்தது ஒரு பெட்டை, பத்து வயசிருக்கும், முகத்தில எங்கடை அம்மாவின்ரை அதே நாடி. "அம்மா, ஆரோ ஒரு மனிசி வந்திருக்கிறா!" எண்டு உள்ளுக்குப் பாத்துக் கத்தினாள்.

தங்கச்சி வந்தாள். ஈரக் கையோட நிண்டு என்னைப் பாத்தாள். வா எண்டு சொல்லேல்லை. நரைச்சுப்போனாள், கடவுளே, என்னைவிட நரைச்சுப்போனாள்.

"கடிதம் கிடைக்கேல்லையோ உனக்கு?" எண்டு கேட்டாள்.

"கிடைச்சது. நேற்றுத்தான்டி வாசிச்சனான்."

அவளுக்கு முகம் கறுத்தது. பேச வாயெடுத்தாள். பிறகு அப்பிடியே நிண்டிட்டாள். "என்ன சொன்னனி? ஆர் வாசிச்சது? நீயோ? நீயே வாசிச்சனியோ?"

நான் கடிதத்தை எடுத்து விரிச்சு, படலையில நிண்டபடியே அவள் எழுதினதை அவளுக்கு வாசிச்சுக் காட்டினன். ரெண்டு பக்கமும். முதல் பக்கம் முடியமுதலே அவள் என்ரை கழுத்தைக் கட்டிப்போட்டாள். பெட்டை முழுசிக்கொண்டு நிண்டாள்.

ரீச்சர் இஞ்சை நாலு வருசம்தான் இருந்தா. உடைஞ்ச வீட்டைத் திருத்திக் கட்ட ஏலாமல், புத்தளத்தில தங்கிவிட்ட தன்ரை மகனிட்டையே திரும்பவும் போட்டா. வெளிக்கிடுற அண்டைக்குப் பஸ்ஸடியில முப்பது பெண்டுகள் நிண்டு அழுதம். இந்தமுறை பாத்துக்கொண்டு மட்டும் நிக்கேல்லை. பெட்டி தூக்கினன், கட்டிப் பிடிச்சன், போகவேண்டாம் எண்டு வாய்விட்டுச் சொன்னன். அவ போகத்தான் போனா.

இனிச் சொல்லப்போறது போன மாசம் நடந்தது. எனக்கும் கண் மங்கத் தொடங்கி, கண் பாக்கிற இடத்துக்குப் போனன். அங்கை நிண்ட பிள்ளை என்ரை கண்ணை அளந்து, "அன்ரி, உங்களுக்குக் கிட்டப் பாக்கத்தான் கண்ணாடி. வாசிக்கேக்கை போடுங்கோ, நடக்கேக்கை கழட்டுங்கோ" எண்டாள்.

"எங்கடை ரீச்சர் எல்லே நடக்கேக்கை போட்டிருப்பா, தாளைக் கண்டால் கழட்டுவா" எண்டன் பகிடியா.

"அவவுக்குத் தூரப் பார்வை குறைவா இருந்திருக்கும். உப்பிடியான ஆக்களுக்குக் கிட்டப் பாக்கக் கண்ணாடி தேவையில்லை. கழட்டினால்தான் இன்னும் வடிவா வாசிப்பினம்."



வீட்டுக்கு வந்து றங்குப் பெட்டியைத் திறந்து, ரீச்சர் தந்த சொல்லுகளை நான் எழுதி வைச்ச பழைய கொப்பியை எடுத்தன். ஆஸ்பத்திரி. தனிய. வேப்பமரம். துணை. படலை. தை. கோவம். கடிதத்தைப் பக்கத்தில விரிச்சு வைச்சன். கடிதத்தில இருந்த கஸ்டமான சொல்லு எல்லாம் அந்தக் கொப்பியில இருந்தது. மன்னார் எண்டு நான் வாய் திறக்கமுதலே மன்னார் பஸ் ஆறு மணிக்கு எண்டு சொன்ன மனிசி! முக்கால் மணித்தியாலம் கண்ணாடி இல்லாமல் சோத்துப் பசையால ஒட்டின மனிசி! நண்டுக்காரிக்குக் காணியும் எல்லையும் ஏன் குடுத்தா எண்டும் அப்பதான் விளங்கினது. எல்லாற்றையும் வாசிச்சிருக்கிறா. வாசிச்சு, விழுங்கி, முகத்தில ஒண்டும் காட்டாமல், ஒவ்வொருத்தியும் தன்ரை கடிதத்துக்குத் தானே போய்ச் சேர ஒவ்வொரு சொல்லா வழி போட்டுக் குடுத்திருக்கிறா. நான் வாசிக்கத் தெரியாமல் வாசிக்கிறமாதிரி நடிச்சன். அவ வாசிச்சுப்போட்டு வாசிக்காதமாதிரி நடிச்சா. தங்கச்சி தனியக் கிடந்து அழுதது அவ்வளவும் தெரிஞ்சுகொண்டு, எட்டு மாசம் என்னை எழுத்துக் கூட்டவைக்க என்ன நெஞ்சு வேணும்! கோவமும் வந்தது. அழுகையும் வந்தது. எட்டு மாசம் முந்தியே சொல்லியிருக்கலாம் எண்டு இப்பவும் சில நேரம் நினைக்கிறன், பொய் சொல்லேல்லை. ஆனால் சொல்லியிருந்தால் படலையில நிண்டு நான் எதை வாசிச்சுக் காட்டியிருப்பன்?

போனில கேக்க வாய் வரேல்லை. கடிதம் எழுதினன். "கண்ணாடிக் கதை தெரிஞ்சுபோச்சு ரீச்சர். எல்லாம் வாசிச்சனீங்கள், என்ன?"

ரெண்டு கிழமையில பதில் வந்தது. ரெண்டே வரி.

"மெழுகு ஒட்டின தாளைப் பற்றி நான் இண்டைவரைக்கும் ஆருக்கும் சொல்லேல்லை. நீரும் கண்ணாடியைப் பற்றி ஆருக்கும் சொல்லாதேயும்."

நான் ரெண்டையும் இஞ்சை எழுதிப்போட்டன். இது அவவின்ரை கைக்குப் போகும். கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு, ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பா. பிறகு என்னைப் பேசுவா. பேசட்டும்.